கைநாட்டும் முத்திரையும்

(கோலசிலாங்கூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்கப் பழங்குடி மக்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். உள்ளே வரும்போது ஓர் அம்மா என்னை நிறுத்தி, "சார், அவங்க எங்க, நாம எங்க? இதுல நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் என் பாட்டியின் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தோட்டம் கைமாறியது. ஒரு நாள் சாயங்காலம் கிராணி லயத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். கையில் தாள்கட்டு, பக்கத்தில் ஊதா மைப்பெட்டி. தாள் முழுக்க ஆங்கிலம். "வீடு தோட்டத்து வீடு, வேலை முடிஞ்சா விட்டுடணும், அதுக்குத்தான் கையெழுத்து" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். பாட்டிக்குக் கைநாட்டு. ஆனால் ரேகை விழவில்லை. நாற்பது வருஷம் பால்வெட்டுக் கத்தி பிடித்த விரல்; தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கிராணி அவர் கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினார். மூன்று முறையும் மைத்திட்டுதான். மாட்டுக்கொட்டகை, காய்கறிக் கொல்லை, நாங்களே போட்ட பின்கட்டுக் கூரை எதற்கும் இழப்பீடு கேட்கமாட்டோம் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. சில வருஷம் கழித்து, ஆங்கிலம் படித்த ஒருவர் வந்து வாசித்துச் சொன்ன பிறகுதான் அது எங்களுக்குத் தெரியும்.

வாத்தியார் வேலைக்குப் போன பிறகு நூலகம் ஒன்றில் ஒரு புத்தகம் கிடைத்தது. 1790 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் அமெரிக்க அரசும் கிரீக் மக்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதில் முழுதாக அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள். ஊர் ஊராகப் பிரித்துத் தலைவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் அவர்களுடைய கைநாட்டு. சாட்சிகளில் நியூயார்க் மேயர் இருக்கிறார், தலைமை நீதிபதி இருக்கிறார். அந்த வரிசையில் ஜோசப் கார்னெல், மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்கு நடுவிலும் அதே பெருக்கல் குறி!

ஒப்பந்தத்தை வாய்வழி மொழிபெயர்த்துச் சொன்னவரும் கைநாட்டுதான். காதில் விழுந்ததை அவர் சொல்லியிருப்பார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் கண்ணால் படித்துச் சொல்லியிருக்க வழியில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு லயத்து வாசல் மேஜை ஞாபகம் வந்தது. அன்று தொடங்கிய படிப்புதான் இந்தப் பேச்சு.

கிரீக் என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். ஆங்கிலத்தில் ஓடை என்று பொருள். ஓடைக்கரையில் குடியிருந்தவர்களோடு வியாபாரம் செய்தவர்கள், இனத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அவர்கள் தங்களை மஸ்கோகி என்பார்கள். இன்றைய ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் கூசா, டல்லப்பூசா, சட்டஹூச்சி ஆறுகளின் கரையில் ஊர் ஊராக வாழ்ந்தார்கள். ஒவ்வோர் ஊருக்கும் மீக்கோ என்ற தலைவர் உண்டு. எல்லா ஊரையும் கட்டியாளும் ராஜா என்று யாரும் கிடையாது. பெரிய விஷயம் என்றால் ஊர்கள் கூடிப் பேசும். ஒத்துவராத ஊரை யாரும் வற்புறுத்த முடியாது.

இங்கே ஒரு நிமிஷம் நின்று நம் மாநிலத்தைப் பாருங்கள். பெர்ணம் ஆறு, சிலாங்கூர் ஆறு, கிள்ளான் ஆறு, லங்காட் ஆறு. அந்தக் காலத்துச் சிலாங்கூர் என்பது இந்த ஆறுகள்தான். முகத்துவாரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஆற்றில் இறங்கி வரும் ஈயத்துக்கு வரி வாங்குவார். சுல்தான் உண்டு, மரியாதை உண்டு. ஆனாலும் ஒவ்வோர் ஆற்றிலும் ஒரு ராஜா தன் சொல்லே சொல் என்று இருந்தார். கிரீக் நாட்டில் மான்தோல், இங்கே ஈயம். இரண்டும் வெளிநாட்டான் கண்ணை உறுத்திய சரக்கு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 1783-இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டன் தோல்வியை ஒப்புக்கொண்டு, மிசிசிப்பி ஆறு வரைக்கும் இருந்த நிலத்தை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த நிலத்தில் குடியிருந்த கிரீக், செரோக்கி, சோக்டா, சிக்கசா மக்களில் ஒருவர்கூட அந்த மேஜையில் இல்லை. நாங்கள் தோற்கவில்லை, எங்கள் நிலத்தைக் கொடுக்க பிரிட்டனுக்கு உரிமையும் இல்லை என்று மறுப்பு எழுதினார் அலெக்சாண்டர் மெக்கில்லிவ்ரே. அப்பா ஸ்காட்லாந்து வியாபாரி; அம்மா கிரீக் இனத்தில் காற்றுக் குலத்துப் பெண். அவர்களுக்கு வம்சம் தாய்வழி. எனவே கிரீக் கணக்கில் அவர் முழுக் கிரீக்காரர்தான். ஆங்கிலமும் நன்றாக எழுதுவார். 1785 கடைசியிலும் 1786 தொடக்கத்திலும் ஹோப்வெல் என்ற இடத்தில் செரோக்கி, சோக்டா, சிக்கசா மக்களோடு அமெரிக்கா தனித்தனியே ஒப்பந்தம் போட்டது. கிரீக் மக்கள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஜார்ஜியா மாநிலம் இரண்டு ஊர்த் தலைவர்களையும் சில ஆட்களையும் கூட்டிவைத்துக்கொண்டு அடுத்தடுத்து மூன்று ஒப்பந்தங்கள் போட்டது. மற்ற ஊர்களெல்லாம் அவற்றை ஏற்க மறுத்தன.

அதே வருஷங்களில் நம் குன்றில் என்ன நடந்தது? மெலாவத்திக் குன்றில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் குரங்குக்குக் கடலை கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே இருக்கும் பீரங்கிகளின் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். 1784-இல் ரியாவின் ராஜா ஹாஜி டச்சுக்காரர்களின் மலாக்காவை முற்றுகையிட்டார். சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் அவருக்குத் துணை நின்றார். ராஜா ஹாஜி போரில் மாண்டார். டச்சுக் கப்பல்கள் நேராகக் கோலசிலாங்கூருக்கு வந்து குன்றைப் பிடித்தன. கோட்டைக்குத் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை வைத்தார்கள். சுல்தான் பகாங்குக்குப் போய் ஆள் திரட்டிக்கொண்டு காட்டுவழியாக வந்து, 1785 ஜூன் மாதம் ஓர் இரவில் கோட்டையில் பாய்ந்தார். டச்சுக்காரர்கள் பீரங்கிகளைப் போட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடினார்கள்.

வெற்றிதான். ஆனால் கப்பல்கள் முகத்துவாரத்தை விட்டு நகரவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் ஆற்றை அடைத்து நின்றன. ஈயம் வெளியே போகாது, அரிசி உள்ளே வராது. ஆங்கிலேயரின் உதவியை நாடிப் பார்த்தார் சுல்தான், கிடைக்கவில்லை. 1786-இல் டச்சு மேலாண்மையை ஏற்று, ஈயத்தை அவர்களுக்கே விற்பதாக முத்திரை வைத்தார். கோட்டையை மீட்ட சுல்தானைத் தாளில் பணியவைத்தது பசி.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபரானார். புதிய நாட்டின் கஜானாவில் போர் நடத்தப் பணம் இல்லை. தெற்கத்திப் பழங்குடிகளோடு, முக்கியமாகக் கிரீக் மக்களோடு, என்ன பேசுவது என்று ஆலோசனை கேட்க அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் தாமே செனட் சபைக்குப் போனார். தாள்களை வாசிக்கும்போது தெருவில் வண்டிச் சத்தம். உறுப்பினர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒரு குழுவிடம் விட்டுப் பார்க்கலாமே என்றார்கள். அதிபருக்குக் கோபம் வந்து கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை திரும்ப வந்து வேலையை முடித்தார். அதற்குப் பிறகு ஆலோசனை கேட்டு அந்த வாசலை மிதிக்கவில்லை. ஒப்பந்தம் பற்றி செனட்டிடம் நேரில் யோசனை கேட்கும் வழக்கம் அன்றோடு போயிற்று.

அடுத்த வருஷம் மரினஸ் வில்லெட் என்ற தளபதியை அனுப்பி, மெக்கில்லிவ்ரேயையும் இருபதுக்கு மேற்பட்ட தலைவர்களையும் நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். ஊர்வலம், விருந்து, வரவேற்பு. ஒப்பந்தம் உறுதியான அன்று வாஷிங்டன் நிலையான சமாதானத்துக்கு அடையாளமாக ஒரு மணிச்சரமும், நினைவாகப் புகைக்கப் புகையிலையும் கொடுத்தார். தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து, சமாதானப் பாட்டுப் பாடினார்கள். வெறும் சடங்கு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். தாம்பூலம் மாற்றினால்தான் பேச்சு உறுதி என்று நாம் நினைப்பதில்லையா? அவர்கள் கணக்கில் ஒப்பந்தம் அந்த மணிச்சரத்தில் இருந்தது. அமெரிக்கர் கணக்கில் தாளில் இருந்தது. நாளைக்கு வழக்கு வந்தால் மணிச்சரத்தை யாரும் படிக்கமாட்டார்கள்.

தாளில் ஒகோனி ஆறு வரையிலான நிலம் ஜார்ஜியாவுக்குப் போயிற்று. மிச்ச நிலத்துக்கு அமெரிக்கா உறுதியாகப் பொறுப்பேற்றது. வருஷத்துக்கு 1,500 டாலர் உதவித்தொகை. இது ஊருக்குத் தெரிந்த பகுதி. தெரியாத இரகசியப் பிரிவுகளும் இருந்தன. அவற்றின்படி மெக்கில்லிவ்ரேக்கு அமெரிக்கப் படையில் தளபதிப் பட்டமும் வருஷம் 1,200 டாலரும். கிரீக் மக்கள் எல்லாருக்குமாக 1,500. ஒருவருக்கு மட்டும் 1,200. அவரைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். ஸ்பெயின், அமெரிக்கா, ஜார்ஜியா மூன்றுக்கும் நடுவில் தன் மக்களை நிறுத்திக் காப்பாற்றப் பார்த்த கெட்டிக்காரர். 1792-லேயே மனம் மாறி ஸ்பெயினோடு மறுபடி கைகோத்தார். 1793-இல் பென்சகோலாவில் இறந்தார். வயது நாற்பத்துச் சொச்சம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நூறு வாய் உள்ள ஒரு சமூகத்திடம் நிலம் வாங்கவேண்டுமென்றால் வாங்குகிறவனுக்கு ஒரே வாய் வேண்டும். இருந்தால் பேசுவான், இல்லையென்றால் அவனே ஒன்றை ஏற்படுத்துவான். கையெழுத்துக்கு முன்னால் அவன் செய்யும் முதல் வேலை அதுதான்.

கடனும் அதற்கு உதவிற்று. மான்தோல் குறையக் குறையத் துணிக்கும் துப்பாக்கிக்கும் வியாபாரிகளிடம் கடன் ஏறியது. பழங்குடித் தலைவர்கள் கடனில் விழுவது நல்லது, கடனுக்கு நிலத்தைத் தருவார்கள் என்று ஜெபர்சன் அதிபராக இருந்தபோதே 1803-இல் கடிதம் எழுதியிருக்கிறார். 1805-இல் சோக்டாக்களும் சிக்கசாக்களும் கடனடைக்க நிலம் கொடுத்தார்கள். கங்காணி கணக்கில் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1813-இல் கிரீக் மக்களுக்குள்ளேயே போர் மூண்டது. அடுத்த வருஷம் மார்ச்சில் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் ஆண்ட்ரூ ஜாக்சனின் படை எண்ணூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆகஸ்டில் ஜாக்சன் போட்ட ஒப்பந்தத்தில் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் போயிற்று. அதில் ஜாக்சனோடு சேர்ந்து போரிட்ட கிரீக் ஊர்களின் நிலமும் சேர்த்தி. கூட நின்றவனுக்கும் அதே கதி.

இனி 1825-ஐப் பாருங்கள். இந்த ஒரு வருஷத்தை நீங்கள் மறக்கக்கூடாது. பிப்ரவரி 12-ஆம் தேதி ஜார்ஜியாவில் இந்தியன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், வில்லியம் மெக்கின்டாஷ் என்ற கிரீக் தலைவர் ஜார்ஜியாவில் மிஞ்சியிருந்த கிரீக் நிலத்தை எழுதிக்கொடுத்தார். ஊர்கள் கூடும் பேரவையைக் கேட்காமல் நிலம் விற்றால் மரணம் என்று கிரீக் சட்டம் இருந்தது. ஜார்ஜியா ஆளுநர் ட்ரூப் மெக்கின்டாஷுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். ஏப்ரல் 30-ஆம் தேதி விடியற்காலை மெனாவா என்ற தலைவர் ஆட்களோடு வந்து மெக்கின்டாஷின் வீட்டுக்குத் தீ வைத்து, அவரைக் கொன்று தண்டனையை நிறைவேற்றினார். ஒப்போத்லியஹோலா என்ற தலைவர் வாஷிங்டன் நகருக்குப் போய் வாதாடினார். செனட் ஏற்று உறுதி செய்த ஒப்பந்தமே ரத்தாயிற்று. ஆனால் 1826-இல் அதற்குப் பதிலாகப் போட்ட ஒப்பந்தத்திலும் பெரும்பகுதி நிலம் கையைவிட்டுப் போயிற்று.

அதே 1825 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, பினாங்கு ஆளுநர் புல்லர்ட்டனின் தூதராக ஜான் ஆண்டர்சன் சிலாங்கூருக்கு வந்தார். மெலாவத்திக் கோட்டையில் பாய்ந்த அதே சுல்தான் இப்ராஹிம், இப்போது வயதானவர். டச்சுக்காரர்களுக்கு 1786-இல் முத்திரை வைத்தவர், 1818-இல் ஆங்கிலேயரின் தூதர் கிராக்ராஃப்டுக்கு வியாபார ஒப்பந்தத்தில் முத்திரை வைத்தவர், இப்போது மூன்றாவதாக. பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லை பெர்ணம் ஆறு என்று அந்தத் தாள் நிர்ணயித்தது. சபாக் பெர்ணம் பாலத்தில் போகும்போது 'பேராக் உங்களை வரவேற்கிறது' என்று பலகை பார்க்கிறீர்களே, அதன் வேர் அங்கேதான். இதற்கு முந்தைய வருஷமே லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மலாய் உலகை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். பாரிஸ் மேஜையில் கிரீக் மக்கள் இல்லாததுபோல் லண்டன் மேஜையில் மலாய் அரசர்கள் யாரும் இல்லை.

பிறகு சிலாங்கூர் ராஜாக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட கிள்ளான் போர். சுல்தான் அப்துல் சமாட், 1868-இல் கெடாவிலிருந்து வந்த தம் மருமகன் துங்கு குடினுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தார். அவரை வக்கீல் என்று சொன்னார்கள். நாம் நீதிமன்றத்தில் சொல்லும் வக்கீலும் இதே அரபுச் சொல்தான்; பிறருக்காகப் பேசுகிறவர். எதுவரைக்கும் பேசலாம் என்பதில்தான் தகராறு. சுல்தானின் பிள்ளைகள் அவரை வெளியூர்க்காரர் என்றே பார்த்தார்கள். ஆங்கிலேயருக்கோ தேடிக்கொண்டிருந்த ஒரே வாய் கிடைத்துவிட்டது. 1871-இல் பினாங்குப் படகு ஒன்றைக் கொள்ளையடித்தவர்கள் கோலசிலாங்கூரில் இருக்கிறார்கள் என்று ரினால்டோ என்ற போர்க்கப்பல் ஜூலை 4-ஆம் தேதி வந்து கோட்டைகளைச் சுட்டுத் தகர்த்தது. அதைத் தொடர்ந்து லங்காட்டுக்குப் போன தூதுக்குழு, துங்கு குடினின் அதிகாரத்தை உறுதி செய்து தரும்படி சுல்தானிடம் கேட்டு வாங்கியது. ஆற்றில் போர்க்கப்பல் நின்றது. 1874-இல் பிரிட்டிஷ் ஆலோசகர் ஆட்சி சிலாங்கூரில் கால் வைத்தது.

அதன் பிறகு காடு அழிந்து காப்பி வந்தது, பின் ரப்பர், பின் நாம். நம்முடைய தாத்தா பாட்டிகள் கைநாட்டு வைத்த ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. நாம் மரம் நட்ட அந்த மண்ணில் நமக்கும் முன்னே, சுல்தான்களுக்கும் முன்னே குடியிருந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். நான் சொன்ன எந்த ஒப்பந்தத்திலும் அவர்களுக்குப் பெருக்கல் குறிகூடக் கிடையாது. கிரீக் மக்களிடம் ஏமாற்றவாவது ஒரு தாளை நீட்டினார்கள். இவர்களிடம் அதுவும் இல்லை. நம் மக்களின் துன்பத்தைப் பேசும்போது இதை நாம் விட்டுவிடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் தாள் இல்லாதவர்களும் வென்றிருக்கிறார்கள். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கில் புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டு, பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். மண்ணுக்கு இல்லை என்றார்கள். சகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வம்சக் கதையும் பழ மரங்களும் முன்னோர் கல்லறைகளும் நீதிமன்றத்தில் பேசின.

கிரீக் மக்கள் 1830-களில் மேற்கே விரட்டப்பட்டார்கள். போகிற இடம் உங்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஓக்லஹோமா மாநிலம் எழும்பிற்று, டல்சா நகரம் எழும்பிற்று. எழுதிக்கொடுத்ததை எல்லாரும் மறந்தார்கள். 2020 ஜூலை 9-ஆம் தேதி அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தப் பழைய தாள்களை எடுத்துப் படித்து, அந்தக் காப்புநிலத்தை நாடாளுமன்றம் ஒருநாளும் கலைக்கவில்லை, குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் கிரீக் நிலம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஏறக்குறைய முப்பது லட்சம் ஏக்கர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தாளைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்கள் கிரீக் மக்கள்.

வாசலில் கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில். உங்களிடமெல்லாம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை இதே கூடத்தில் கூடுகிறோம். ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், சபாக் எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் சரி. வீட்டுப் பெட்டியில், சாமி மாடத்துக்குப் பின்னால், பழைய மைலோ டின்னில் கிடக்கும் தாள்களைக் கொண்டுவாருங்கள். சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம், வீடு காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், யாரோ கைநாட்டு வைத்த எதுவானாலும். ஆங்கிலமும் மலாயும் படித்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்வார்கள். படம் எடுத்து வைப்பார்கள். தாளை உங்களிடமே திருப்பிக் கொடுப்பார்கள்.

பாட்டியின் தாளை நான் கொண்டுவருகிறேன். அன்று இரண்டு பிரதியில் கைநாட்டு வாங்கி ஒன்றை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். ரேகை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று ஊதாத் திட்டுகள் இருக்கும். பெயரைக் கிராணி எழுதியிருக்கிறார். அதில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது.